மணக்கிறது என்பதற்காக மென்றுவிடாதீர்கள்

ஏற்காடு போய் வருகிறவர்களில் சிலர் திரும்பும் வழியில் என் சித்த மருத்துவமனைக்கும் வந்துவிடுகிறார்கள். கைக்குட்டையில் பொதிந்த நாலைந்து இலைகள் மேசைக்கு வரும். "பாறை இடுக்கில் இருந்தது டாக்டர், கசக்கினால் கற்பூர வாசம், என்ன மூலிகை?" என்பார்கள். வாடிய இலையை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் சொல்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். அது நானாகவே இருந்தாலும் சரி.

சேர்வராயன் மலையடிவாரத்துக் கரடுகளிலும் கஞ்சமலைச் சரிவிலும் மண் குறைவு, வெயில் அதிகம். அங்கே வளரும் பல செடிகளின் இலைமயிர் நுனியில் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கும். கைவில்லையில் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்த்தால் பனித்துளி போல மினுங்கும். கசக்கும்போது உடைவது அவைதான். ஆடு வாய் வைக்காமல் விலகிப்போவதற்கும் பெரும்பாலும் அந்த எண்ணெய்தான் காரணம். மணம் செடியின் தற்காப்பு. நமக்கு மருந்தாகும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை.

வாசனையை மட்டும் நம்பவும் முடியாது. நாய்த்துளசி ஓரிடத்தில் எலுமிச்சையாக மணக்கும், இன்னோரிடத்தில் கற்பூரமாக மணக்கும். இனம் ஒன்றுதான்.

ஆகவே முதலில் தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள். நான்கு பட்டையாக நெருடுகிறதா? இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கின்றனவா? இரண்டுக்கும் ஆம் என்றால் துளசிக் குடும்பம் என்று பலர் அங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆபத்து அந்த இடத்தில்தான் இருக்கிறது. உண்ணிச்செடிக்கும் நாற்பட்டைத் தண்டு, எதிரிலை, தூக்கலான வாசம் எல்லாம் உண்டு. அதைத் தின்ற மாடு ஆடுகளுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் படும் தோலெல்லாம் புண்ணாகிவிடும்.

பூவும் காயும் இல்லாமல் இந்தக் குழப்பம் தீராது. துளசிக் குடும்பத்தில் பூ உதிர்ந்தபின், அதன் அடியில் இருந்த புல்லிவட்டம் காய்ந்து குவளை மாதிரி நிற்கும்; உள்ளே வழக்கமாக நான்கு சிறு கொட்டைகள் இருக்கும். உண்ணிச்செடியில் சதைப்பற்றுள்ள காய்கள் கொத்தாகக் காய்த்துக் கறுக்கும். பூங்கொத்தும் பெரும்பாலும் ஒரே நிறமாக இருக்காது. நடுவில் மஞ்சள், ஓரத்தில் இளஞ்சிவப்பு என்று மாறும்.

சரி, துளசிக் குடும்பம்தான் என்று உறுதியாகிவிட்டது. அப்போதும் வாயில் போடாதீர்கள். ஆத்தூர்ப் பக்கம் பயிராகும் மருந்துக்கூர்க்கன், வறண்ட மலைச்சரிவில் தானாகவும் முளைக்கும். மென்மயிர் அடர்ந்த இலையும் வாசமும் சேர்ந்து, வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லி என்று நினைக்க வைத்துவிடும். கற்பூரவல்லியின் இலை தடிப்பாக, ஒடித்தால் நறுக்கென்று முறியும். கூர்க்கனைப் பிடுங்கினால் காரமாக மணக்கும் கிழங்கு வேர் வரும். அந்த வேரில் உள்ள ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருள் இரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது. ஏற்கெனவே அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர், சளிக்கு என்று இதைக் கஷாயம் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்காகச் செடியைப் பிடுங்கி வரச் சொல்லவில்லை. காப்புக்காட்டில் அனுமதியின்றிப் பறிப்பது குற்றம். படம் எடுங்கள். முழுச் செடி, இலையின் அடிப்புறம், கணு, பக்கவாட்டில் பூ, காய் எல்லாம் வேண்டும். அழகுக்காக மேலிருந்து எடுத்த ஒற்றைப் பூப்படம் எங்களுக்கு எதற்கும் உதவாது. இடம், உயரம், பாறை வெடிப்பா ஓடைக்கரையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசிச் செயலி சொல்லும் பெயரைத் தேடலின் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். சிக்கலான செடி என்றால் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்திலும், திருச்சி புனித ஜோசப் கல்லூரியிலும் உலர்தாவரகங்கள், அதாவது உலர்த்திய செடி மாதிரிகளின் சேகரிப்புகள், இருக்கின்றன. அங்கே பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

யாராவது தெரியாத செடியைத் தின்று வாந்தி, மயக்கம் என்றால் என்னைப் போன்றவரைத் தேடி அலைய வேண்டாம். 108-ஐ அழையுங்கள். வீட்டு வைத்தியமாகப் பாலோ உப்புத் தண்ணீரோ கொடுக்காதீர்கள். தின்ற செடியில் மிச்சமிருப்பதை, பூ காயோடு இருந்தால் நல்லது, ஒரு காகிதத்தில் சுற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.