இந்த மாத்திரை எதுக்குன்னு கேளுங்க

போன மாசியில் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாவை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேர்த்துக் கொட்டி ரவிக்கை நனைந்திருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார், பேச்சுக் குழறுகிறது. "காலைலருந்து சரியாவே சாப்பிடல டாக்டரம்மா, சுகரு ஏறிப்போச்சு போல" என்று மகன் பதறினார். விரலில் குத்திப் பார்த்தேன். 42. ஏறவில்லை, இறங்கிப் போயிருந்தது.

நரம்பு வழியாகக் குளுக்கோஸ் போன கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து "எங்கடா கூட்டியாந்திருக்க?" என்று மகனை அதட்டினார். ஆனாலும் அன்று ராத்திரி அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. சில சர்க்கரை மாத்திரைகளின் வேகம் ஒரு பாட்டில் குளுக்கோஸில் அடங்காது, சர்க்கரையை மறுபடியும் கீழே இழுத்துவிடும்.

மறுநாள் காலையில் வீட்டிலிருக்கும் மாத்திரையை எல்லாம் எடுத்து வரச் சொன்னேன். மகன் ஒரு மஞ்சப்பையைக் கொண்டு வந்து மேசையில் கவிழ்த்தார். பாதி பாதியாய்க் கத்தரித்த அட்டைகள், மூடி இல்லாத டப்பா, எந்தக் காலத்திலோ வாங்கிய மூட்டுவலி மாத்திரை. ஒவ்வொன்றாய் வரிசையில் அடுக்கினோம். அரசு மருத்துவமனையில் கொடுத்த, சர்க்கரையைக் குறைக்கும் கிளைமிபிரைடு மாத்திரை ஒன்று. தனியார் கிளினிக்கில் கம்பெனிப் பெயரில் எழுதிக் கொடுத்த அதே கிளைமிபிரைடு இன்னொன்று. ஒன்று வெள்ளை, மற்றது ரோஸ். "வெள்ள சுகருக்கு, ரோசு கால் எரிச்சலுக்கு" என்றார் அந்த அம்மா. ரெண்டு மாதமாய் இரண்டையும் வேளை தவறாமல் போட்டிருக்கிறார். வேளை தவறாமல் என்பதுதான் என் மனதை அறுத்தது. சொன்னதைச் சொன்னபடி செய்தவருக்குத்தான் இந்த நிலைமை. ரோஸ் அட்டையில் மருந்தின் பெயர் இருந்த பாதி கடையிலேயே தங்கிவிட்டது. முழு அட்டையும் இருந்திருந்தாலும் அதிலிருப்பது இங்கிலீஷ்.

படிக்காதவர்கள் பாடு இதுதான் என்று நினைக்காதீர்கள். அடுத்த மாதமே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாய் கோணி, வலது கை விழுந்து வந்தார். பத்து வருடப் பிரஷர். கடைசியாகப் பார்த்தபோது 120/80 இருந்ததாம். "நார்மல் ஆயிருச்சேன்னு அவரே நிறுத்திட்டாரு" என்று அவர் மனைவி அழுதார். அன்றிலிருந்து பிரஷர் மாத்திரை எழுதும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்கும் கேள்வி இது: "கண்மாய்க் கரை நிக்கிறதாலதான் ஊருக்குள்ள தண்ணி வரல. தண்ணிதான் வரலையேன்னு கரைய வெட்டுவீங்களா?" கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

சர்க்கரைப் பரிசோதனையிலும் இப்படித்தான். ரத்தம் கொடுக்கும் முன் ரெண்டு நாள் வாயைக் கட்டிவிட்டு வருவார்கள். ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனை அதற்கெல்லாம் மசியாது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். அந்த நாளெல்லாம் அதில் ஒட்டிய சர்க்கரையின் கணக்கு அது, ஏறத்தாழ மூன்று மாதத்துக் கணக்கு. 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். 5.7 முதல் 6.4 வரை இருப்பவர்கள் "பார்டர்லதான் இருக்காம்" என்று நிம்மதியாய்ப் போய்விடுகிறார்கள். எனக்கு அதிகக் கவலை இவர்களைப் பற்றித்தான், ஏனென்றால் தடுக்க முடிகிற இடம் அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் சுமார் 10 கோடி, விளிம்பில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டுமே அது நோயாக மாறும் வாய்ப்பைக் கால்பங்குக்கு மேல் குறைக்கும் என்று 2006-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றே காட்டியிருக்கிறது.

என் பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும். "உப்பக் குறைங்க" என்று வருடக்கணக்கில் சொல்லி வந்தேன். ஒரு பெரியவருக்கு எத்தனை மாத்திரை மாற்றியும் பிரஷர் இறங்கவில்லை. வீட்டில் குழம்புக்கு உப்பே போடுவதில்லை என்றார்கள், அது உண்மையும்கூட. மதியம் கஞ்சிக்கு என்ன என்று கேட்டேன். கருவாடு, மோர்மிளகாய், சில நாள் நார்த்தங்காய் ஊறுகாய். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்றால், அதில் இவையும் சேர்த்தி என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் நான் சொல்லி முடித்ததும், "வீட்டுக்குப் போயி என்ன சொல்லுவீங்க, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்கிறேன். பாதிப் பேர் வேறு எதையோ சொல்கிறார்கள். நான் சரியாகச் சொல்லவில்லை என்று அதிலிருந்துதான் தெரிகிறது.

சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில் கால் கொப்புளத்தோடு வருகிறவர்கள் உண்டு. தார் ரோட்டில் வெறுங்காலோடு அழகர் பின்னாலேயே நடந்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சுட்டதும் கால் தானாக நிழலைத் தேடும். சர்க்கரையால் நரம்பு மரத்தவர்களுக்கு அந்தச் சூடே தெரியாது. கொப்புளம் உடைந்து வாடை வரும்போதுதான் வீட்டில் கவனிப்பார்கள். வேண்டுதலை விடச் சொல்லும் உரிமை எனக்கில்லை. வெயில் ஏறுமுன் நடங்கள். ராத்திரி பாதத்துக்கு அடியில் கண்ணாடி வைத்துப் பாருங்கள், விரலிடுக்கு உட்பட. வருடம் ஒரு தடவை கண்ணின் விழித்திரையையும் காட்டுங்கள். பார்வை நன்றாகத் தெரியும்போதே காட்டுவதுதான் பலன் தரும்.

மாத்திரை போடுகிறவர் வேர்த்து நடுங்கினால், நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டு வரும் அக்காவிடம், வேறு டாக்டர் கொடுத்த மாத்திரையையும் எடுத்துக் காட்டிக் கேளுங்கள்.

அந்த மஞ்சப்பை அம்மா போன வாரம் வந்திருந்தார். பையில் இப்போது இரண்டு டப்பாக்கள். ஏழாவது படிக்கும் பேத்தி ஒன்றில் சூரியனும் இன்னொன்றில் நிலாவும் வரைந்து ஒட்டியிருக்கிறாள். மடியிலிருந்து புது அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். இந்தத் தடவை நிறம் மாறி வந்திருந்தது.

"இன்னும் ஒண்ணுகூட வாயில போடல தாயி. இது பழசுக்குப் பதிலா, பழசோட சேத்தா? மொத அதச் சொல்லு."