கோப்ரோஃபேஜியா: மலந்தின்னல் என்று சொன்னால் போதும்

எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்த நாய்க்குட்டிக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நான்காம் நாள் காலையில், கொல்லைப்புறத்தில் தான் போட்ட மலத்தைத் தானே தின்றுகொண்டிருந்தது. அம்மா பதறிப்போனார். கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், எடை போட்டார். பூச்சி மருந்தின் பெயரை எழுதி, அதற்கு மேலே ‘கோப்ரோஃபேஜியா’ என்று ஒரு சொல்லையும் எழுதித் தந்தார். ஆட்டோவில் திரும்பி வரும்போது அம்மா கேட்டது ஒன்றுதான்: “இந்த நோய் குணமாகிடுமா?”

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. மலேரியா, நிமோனியா, டிஃப்தீரியா என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது நமக்கு. ஒரு சொல் ‘யா’ என்று முடிந்து, அதை மருத்துவரும் எழுதிக் கொடுத்துவிட்டால் நோய் என்றே தோன்றும். ஆனால் அந்தச் சொல் நோய் எதையும் சொல்லவில்லை. குட்டி என்ன செய்கிறது என்பதை மட்டும் கிரேக்கத்தில் சொல்கிறது. ஏன் செய்கிறது என்பதற்கு அதில் பதில் கிடையாது.

கிரேக்க மொழியில் ‘கொப்ரோஸ்’ என்றால் சாணம், மலம். ‘ஃபாகெயின்’ என்றால் தின்னுதல். இரண்டும் சேர்ந்து கோப்ரோஃபேஜியா ஆயிற்று. இந்த இரண்டு வேர்களையும் வேறு இடங்களிலும் பார்க்கலாம். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரைப் பாறைகளில் கிடைத்த வினோதமான கற்கள் பண்டைய விலங்குகளின் கல்லாகிப்போன மலம்தான் என்று கண்டுகொண்ட நிலவியல் அறிஞர் வில்லியம் பக்லாண்ட், 1829-இல் அவற்றுக்குக் ‘கோப்ரோலைட்’ என்று பெயர் வைத்தார். ‘லைட்’ அங்கே கல்லைக் குறிக்கிறது. பண்டைக் கல் சவப்பெட்டிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘சார்கோஃபகஸ்’ என்ற பெயருக்கு ‘சதையைத் தின்பது’ என்று பொருள். உள்ளே வைத்த உடலை அரித்துத் தீர்க்கும் என்று நம்பப்பட்ட ஒருவகைக் கல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் இரத்தத்தில் கிருமிகளை விழுங்கும் அணுக்களுக்கு ‘ஃபேகோசைட்’ என்று பெயர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அதைத் ‘தின்குழியம்’ என்பார்கள். எவ்வளவு அழகான சொல்! கிரேக்க ‘ஃபாக்’ வரும் இடத்தில் நம்முடைய ‘தின்’ இயல்பாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. தமிழ்ச் சொல் தேடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதல் பாதியிலேயே ஒரு சங்கடம். நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. மாடு போட்டால் சாணம், ஆடும் எலியும் போட்டால் புழுக்கை, யானையும் குதிரையும் போட்டால் இலத்தி, கழுதை போட்டால் விட்டை, பறவை போட்டால் எச்சம். நாய்க்கு மட்டும் அப்படிப் பரவலான தனிப்பெயர் இல்லை. மனிதருக்குச் சொல்லும் பீயும் மலமும்தான் அதற்கும்.

‘பீ’ பழைய, நேரான தமிழ்ச் சொல். ஆனாலும் சபையில் சொல்லத் தயங்குகிறோம். இந்தத் தயக்கம் இன்று நேற்று வந்ததில்லை. ஈகாரத்தில் முடியும் சொற்களின் புணர்ச்சியைச் சொல்ல வந்த நன்னூல், இந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியே எழுதாமல் ‘பவ்வீ’ என்று எழுதுகிறது. பகரத்தோடு சேர்ந்த ஈ என்று எழுத்தைச் சொல்லி, சொல்லை மறைத்துவிடுகிறது. இதற்கு இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்று பெயர். ‘வெளிக்குப் போனான்’, ‘கால் கழுவி வந்தான்’ என்பதெல்லாம் அந்த வகைதான்.

‘மலம்’ வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு அழுக்கு, மாசு என்று பொருள். மாசற்றவள் என்பதால்தான் நிர்மலா, விமலா என்று பெண் குழந்தைகளுக்குப் பெயர் வைக்கிறோம். சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை ஆகிய மூன்றையும் மும்மலம் என்கிறது. பேச்சுத் தமிழில் அந்தப் பொருள் சுருங்கி, உடல் வெளியேற்றும் கழிவை மட்டும் குறிக்கிறது. மருத்துவரிடமும் பாடப்புத்தகத்திலும் கூச்சமில்லாமல் சொல்ல முடிகிற சொல் என்பதால் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பாதிக்கு ‘உண்ணல்’, ‘தின்னல்’ என்று இரண்டு வழி. ஊனுண்ணி, தாவரவுண்ணி என்று அறிவியல் தமிழில் ‘உண்ணி’ நன்றாக ஊன்றிவிட்டது. அந்த வழியில் ‘மலவுண்ணி’ என்று அமைக்கலாம். சாணவண்டைப் பற்றிப் பேசும்போது அது பொருந்தும், இலக்கணத்திலும் குற்றமில்லை. நாயைப் பற்றிப் பேசும்போதுதான் சிக்கல். நாய் வளர்ப்பவரிடம் ‘உண்ணி’ என்று சொன்னால், காதுமடலுக்குள் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறதே, அதுதான் நினைவுக்கு வரும். ‘குட்டி மலவுண்ணியாக இருக்கிறது’ என்றால் உண்ணி மருந்து வாங்கக் கிளம்பிவிடுவார்.

‘பீத்தின்னி’ என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் வசையாக. ‘நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் வாலைக் குழைத்துக்கொண்டு பீ தின்னத்தான் போகும்’ என்ற பழமொழியும் மனிதரைத் திட்டவே பயன்படுகிறது. அந்த வசை நம் மனதில் இருப்பதால்தான், குட்டி இதைச் செய்ததும் ஏதோ இழிவான காரியம் செய்துவிட்டதைப் போல அடிக்கக் கை ஓங்குகிறோம்.

அதனால் நான் ‘மலந்தின்னல்’ என்கிறேன். மண் தின்னும் குழந்தை, பிணந்தின்னிக் கழுகு என்று சொல்லும் அதே அமைப்புதான். யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது, வசையும் இல்லை, நோய் என்ற பயமும் வராது. தன் மலத்தையே தின்றால் தன்மலந்தின்னல், மற்ற விலங்கின் மலத்தைத் தின்றால் பிறமலந்தின்னல். இந்தப் பிரிவு மருத்துவருக்குத் தேவைப்படும். நல்ல உடல்நிலையில் இருக்கும் குட்டி தன் மலத்தைத் தின்பதால் பெரிய கேடு அநேகமாக வருவதில்லை. தெருவில் கிடக்கும் வேறு நாயின் மலம் அப்படியில்லை. குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு வரவழைக்கும் பார்வோ வைரஸும் குடற்புழுக்களும் அந்த வழியாகத்தான் பரவுகின்றன.

பெயர் கிடைத்துவிட்டது, இனி காரணம். குட்டி பிறந்த முதல் சில வாரங்களில் அதனால் தானாக மலம் கழிக்க முடியாது. தாய் நாய் நக்கிக் கொடுத்தால்தான் கழிக்கும். கழித்ததை அந்தத் தாயே தின்று படுக்கையைச் சுத்தமாக வைத்திருக்கும். அப்புறம் குட்டிக்கு உலகமே வாய் வழியாகத்தான் அறிமுகமாகிறது. செருப்பு, கல், காய்ந்த இலை எல்லாவற்றையும் கடித்துப் பார்க்கிற வயதில் மலத்தை மட்டும் விட்டுவைக்குமா?

வளர்ந்த நாய்களிலும் இது உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட்டும் குழுவினரும் நாய் வளர்ப்பவர்களிடம் விவரம் கேட்டு, 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் 16 சதவீத நாய்கள் குறைந்தது ஆறு முறையாவது மலம் தின்றதாகத் தெரியவந்தது. அவை தின்றது பெரும்பாலும் இரண்டு நாளைக்கு உட்பட்ட புதிய மலம். குடற்புழுக்களின் முட்டைகள் நோய் பரப்பும் நிலையை அடையச் சில நாட்களாகும். அதற்குள் தின்று தீர்த்து இருப்பிடத்தைச் சுத்தமாக்குவது ஓநாய் மூதாதையரிடமிருந்து வந்த பழக்கமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. பழமொழி சொன்ன நாயின் இயல்பு உண்மைதான், அதை இழிவு என்று நினைத்ததுதான் தவறு. இந்தப் பழக்கத்தை நிறுத்தும் என்று கடையில் விற்கும் 11 பொருட்களைப் பற்றியும் அவர்கள் விசாரித்தார்கள். பலன் கிடைத்ததாகச் சொன்னவர்கள் 0 முதல் 2 சதவீதம். உணவில் தூவும் பொடிக்குச் செலவழிக்கும் முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

பழக்கம் ஊறிவிட்டால் மாற்றுவது கடினம் என்பதால், குட்டியாக இருக்கும்போதே தின்ன வாய்ப்புக் கொடுக்காமல் இருப்பதுதான் வழி. சாப்பிட்ட சற்று நேரத்திலும் தூங்கி எழுந்த உடனேயும் குட்டி மலம் கழிக்கும். அந்த நேரத்தில் கழுத்துவார் போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கூடவே நிற்க வேண்டும். கழித்து முடித்த நொடியிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி கொடுங்கள். அது தின்னும்போதே மலத்தை அள்ளிவிடுங்கள். எங்கள் குட்டி மூன்றாவது வாரத்தில், கழித்ததும் தானாகவே என் கையைப் பார்த்துத் திரும்ப ஆரம்பித்தது. மிளகாய்ப்பொடி தூவாதீர்கள், மூக்கை அதில் தேய்க்காதீர்கள், அடிக்கவே அடிக்காதீர்கள். அடி வாங்கிய குட்டி, மலத்தைப் பார்த்தால்தான் அடி விழுகிறது என்று புரிந்துகொண்டு, நீங்கள் வருவதற்குள் அவசரமாகத் தின்று முடிக்கப் பழகிவிடும். கூண்டிலேயே நாள் முழுவதும் அடைந்து கிடக்கும் குட்டிக்கு வேறு பொழுதுபோக்கும் கிடையாது. அதற்கு விளையாட்டும் துணையும்தான் முதல் மருந்து.

தின்பதோடு எடையும் குறைந்தால், மலம் எண்ணெய்ப் பசையாக வெளுத்துப் போனால், எவ்வளவு போட்டாலும் பசி அடங்காவிட்டால், கணையம் செரிமான நொதிகளைச் சரியாகச் சுரக்கவில்லையா என்று பார்க்க வேண்டும். ஒருநாள் திடீரென்று இந்தப் பழக்கம் தொடங்கிய பெரிய நாயையும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. போகும்போது மூடி போட்ட சின்ன டப்பாவில் அன்றைய மலத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போங்கள். தின்றது தன்னுடையதையா, வேறு நாயினுடையதையா, எத்தனை நாளாக என்பதையும் சொல்லுங்கள்.