பாட்டு முடிந்த பிறகு வரும் அமைதி

"ராத்திரி முழுக்க ஹெட்போன். கேட்பதெல்லாம் அழுகைப் பாட்டு. முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்." காதல் முறிந்து துவண்டுபோன பிள்ளையை உளவியல் ஆலோசனைக்காக என்னிடம் அழைத்து வரும் பெற்றோர் பலரும் இதையே கேட்கிறார்கள். நான் நிறுத்தச் சொல்வதில்லை. என்ன பாட்டு என்று அந்தப் பிள்ளையிடம் கேட்பேன். பல நேரம் அது ஒரு ராக் பாடலாக இருக்கும்.

ஆச்சரியமில்லை. குரல் உடைவதை மறைக்காத இசை அது. பிரிட்டிஷ் ராக் கலைஞர் எரிக் கிளாப்டன், தன் நண்பரும் பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்தவருமான ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி பேட்டி பாய்டைக் காதலித்த தவிப்பை 1970இல் 'லைலா' என்று பாடினார். பெயரைக் கவிஞர் நிஜாமியின் பாரசீகக் காவியத்திலிருந்து எடுத்துக்கொண்டார். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 1977ஆம் ஆண்டு ஆல்பம் 'ரூமர்ஸ்' உருவானபோது, குழுவுக்குள்ளேயே இரண்டு ஜோடிகள் பிரிந்துகொண்டிருந்தன. விட்டுப்போனவரைப் பற்றி எழுதிய பாட்டுக்கு, அவரே பக்கத்தில் நின்று பின்குரல் கொடுக்க வேண்டியிருந்தது. வாயால் சொல்ல முடியாததைத் தாளத்துக்குள் வைத்தால் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. கேட்பவருக்கும் அதே ஆறுதல்: என் நெஞ்சில் கிடப்பதை யாரோ சொல்லிவிட்டார்கள்.

சோக இசை கேட்பவர்கள் 700 பேருக்கு மேல் பங்கேற்ற ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. அந்த இசை அவர்களுக்குள் அதிகம் எழுப்பிய உணர்வு சோகம் அல்ல, பழைய நாட்களின் மீதான ஏக்கம். ஆகவே பாட்டின் மேல் பழி போடாதீர்கள்.

எனக்குக் கவலை தருவது வேறு. உளவியலில் அசைபோடுதல் என்கிறோம்: ஏன் போனாள், நான் என்ன தப்பு செய்தேன் என்று விடையில்லாமல் அதே கேள்வியை மென்றுகொண்டிருப்பது. ரிப்பீட்டில் ஓடும் பாட்டு இதற்குத் தோதான துணை. அடையாளம் தெரியாதபடி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இருபதுகளில் இருந்த இளைஞர், இரவு பதினொன்றிலிருந்து மூன்று வரை ஒரே பாட்டு. என் அறையிலேயே அதைப் போடச் சொன்னேன். முடிந்ததும் அவர் விரல் தானாகவே போனுக்குப் போனது. "இரண்டு நிமிஷம் சும்மா இருப்போமா?" என்றேன். அந்த இரண்டு நிமிடத்தில்தான் அவர் அழுதார். "அவ கடைசியா போன் பண்ணப்ப நான் எடுக்கலை சார்" என்றார். ஐந்து வாரமாக அந்தப் பாட்டு இதைத்தான் மூடி வைத்திருந்தது.

அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு. இரவில் ஒரே ஒரு முறை கேட்கலாம். முடிந்ததும் அமைதி. அந்த அமைதியில் தோன்றுவதை எழுதிவிட வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஜாய் டிவிஷன் என்ற ராக் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம் தற்கொலை செய்துகொண்டார். வயது 23. அவர் பாடல்களின் அழகோடு சேர்த்து அந்த முடிவையும் அழகாக்கிப் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கும். அவருக்கு வலிப்பு நோய் இருந்தது, மன அழுத்தம் இருந்தது. இரண்டும் சிகிச்சைக்குரியவை. உங்கள் வீட்டுப் பிள்ளை தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, நண்பர்களை ஒதுக்கி, "நான் இல்லாமல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை" என்கிற மாதிரிப் பேசினால், பிளேலிஸ்ட்டை ஆராயாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அந்த இளைஞர் ஒன்பதாவது வாரம் குற்ற உணர்வோடு வந்தார். இரண்டு நாள் அந்தப் பாட்டை மறந்தே போய்விட்டாராம், அவளுக்குத் துரோகம் செய்ததுபோல் இருக்கிறதாம். நான் அவருக்குக் கிளாப்டனின் கதையைச் சொன்னேன். 1991இல் நான்கு வயது மகனை இழந்து, அந்தத் துயரத்தில் 'டியர்ஸ் இன் ஹெவன்' எழுதியவர், 2004இல் அதை மேடையில் பாடுவதை நிறுத்தினார். அந்த இழப்பை முன்புபோல் உணர முடியவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். பல ஆண்டுகள் கழித்து மறுபடி பாடினார்.

"அப்ப நானும் கொஞ்ச நாள் விட்டுடலாமா சார்?" என்று கேட்டார். விடலாம் என்றேன்.