தண்ணியில சேராத பவுடரை தண்ணியிலயே நிக்க வைக்கிறது எப்படி?

ஒரு டம்ளர் தண்ணில ஒரு ஸ்பூன் பிளான்ட் ஸ்டெரால் பவுடரைப் போட்டா அது அப்படியே மேல மிதக்கும். வெள்ளையா, மெழுகைச் சீவினது மாதிரி இருக்கும். ஸ்பூனை வச்சு அமுக்கினா உள்ள போய்ட்டு காத்தைக் கட்டிக்கிட்டு திரும்ப மேல வந்துடும், விடாம கலக்கினா கொஞ்சம் டம்ளர் ஓரத்துல வளையமா ஒட்டிக்கும், மிச்சம் குட்டிக் குட்டி உருண்டையாகும், அந்த உருண்டையை நகத்தால உடைச்சுப் பார்த்தா உள்ள பவுடர் துளிகூட நனையாம இருக்கும். முதல் தடவை லேப்ல இதைப் பார்த்தப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு.

ஸ்டெரால்னா செடிகளோட கொலஸ்ட்ரால்னு வச்சுக்கலாம். நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய், பருப்பு, கொட்டை எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. கொலஸ்ட்ராலுக்கும் பீட்டா சிட்டோஸ்டெராலுக்கும் வித்தியாசம் வால் பகுதியில கூடுதலா ரெண்டு கார்பன், அவ்வளவுதான். குடல்ல கொலஸ்ட்ரால் உள்ள போகணும்னா பித்த நீர் உண்டாக்குற மைசெல்ங்கிற குட்டி உருண்டையில ஏறித்தான் போகணும், அந்த இடத்தை ஸ்டெரால் பிடிச்சுக்கும். கொலஸ்ட்ரால் இடமில்லாம வெளியேறிடும், ஸ்டெராலையும் குடல் பெரும்பாலும் திருப்பி அனுப்பிடும். தினமும் 2 கிராம் சாப்பிட்டா எல்டிஎல்ங்கிற கெட்ட கொலஸ்ட்ரால் சுமார் 8-10 சதவீதம் குறையுதுன்னு நிறைய ஆய்வு சொல்லுது.

ஆனா மைசெல்ல ஏறணும்னா முதல்ல கரையணுமே! பெரிய கல் மாதிரி கிரிஸ்டலா போனா குடல்ல சும்மா உருண்டு ஓடிடும். 1950கள்ல அமெரிக்காவுல எலை லில்லி கம்பெனி சைட்டலின்னு இதை மருந்தாவே வித்தாங்க, தினமும் 10 கிராம், அதுக்கும் மேலன்னு சாப்பிட வேண்டியிருந்துச்சு. அப்புறம் 1995ல பின்லாந்துல ரைசியோ கம்பெனி ஸ்டெராலோட நெருங்கின உறவான ஸ்டானாலை கொழுப்பு அமிலத்தோட இணைச்சு எஸ்டரா மாத்தி, எண்ணெயில கரைய வச்சு பெனிகால்ங்கிற மார்ஜரின் (வெண்ணெய் மாதிரி ரொட்டியில தடவுறது) கொண்டு வந்தாங்க. அது நல்ல வழிதான், ஆனா கொழுப்பைக் குறைக்கணும்னு நினைக்கிறவர் கொழுப்பைத் தடவித்தான் சாப்பிடணுமாங்கிற கேள்வி எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கும். 1999ல அமெரிக்காவுல ஆஸ்ட்லண்ட்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு சிட்டோஸ்டானால்ங்கிற ஒரு ஸ்டானாலை, எண்ணெயையும் தண்ணியையும் சேர்த்துப் பிடிக்கிற லெசித்தினோட சேர்த்து தண்ணில பரப்பிக் கொடுத்தாங்க. வெறும் பவுடர் 1 கிராம் கொலஸ்ட்ரால் உறிஞ்சுறதை 11 சதவீதம்தான் குறைச்சுது, லெசித்தினோட வந்த 300 மில்லிகிராம் சுமார் 34 சதவீதம் குறைச்சுது. அதே வகைப் பொருள்தான், வந்த ரூபம்தான் வேற.

அந்த ரூபத்தை எப்படிக் கொண்டு வர்றது? ஸ்டெரால் உருகவே சுமார் 140 டிகிரி வேணும், தண்ணி 100லயே கொதிச்சுடும், அதனால தண்ணிக்குள்ள வச்சு உருக்க முடியாது. ஸ்டெராலையும் எமல்சிஃபயரையும் (லெசித்தின் மாதிரி சேர்த்துப் பிடிக்கிற பொருள்) தனியா ஒண்ணா உருக்கி, சூடான தண்ணில வேகமா கலக்கிக்கிட்டே ஊத்தி, ஆறுறதுக்குள்ள ஹோமோஜெனைசர்ல நூத்துக்கணக்கான பார் அழுத்தத்துல ஒரு சின்ன இடுக்கு வழியா தள்ளுவாங்க. இன்னொரு வழி, உருக்காம ஈரத்துலயே அரைக்கிறது. கிட்டத்தட்ட இட்லி மாவு கிரைண்டர் மாதிரிதான், கல்லுக்குப் பதிலா குட்டிக் குட்டி மணிகள்.

அரைச்சு 1 மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குக்குக் கொண்டு வந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம், உண்மையில அங்கதான் ஆரம்பிக்குது. 2 கிராம் ஸ்டெராலை 1 மைக்ரான் துண்டா உடைச்சா மொத்த மேற்பரப்பு சுமார் 12 சதுர மீட்டர் வரும், அதாவது பத்துக்குப் பன்னெண்டு ரூமோட தரையை விடக் கொஞ்சம் அதிகம். அவ்வளவு இடத்தையும் எமல்சிஃபயர் போர்த்தணும், எங்கயாவது வெறுமையா இருந்தா அந்த இடத்துல ரெண்டு துண்டு ஒட்டிக்கும். சரி, எமல்சிஃபயரை அள்ளிப் போடலாமேன்னா அதுவும் ஆபத்து, ஏன்னா மிஞ்சினது தானே மைசெல்லா சேர்ந்து, சின்ன கிரிஸ்டல்ல இருந்து ஸ்டெராலைக் கரைச்சு ஏத்திட்டுப் போய் பெரிய கிரிஸ்டல்ல இறக்கிடும். சின்னது மறைஞ்சு பெருசு இன்னும் பெருசாகும். பகல்ல சூடு ராத்திரி குளிர்னு இருக்கிற குடோன்ல இது இன்னும் வேகமா நடக்கும். போதாததுக்கு தண்ணி மூலக்கூறே கிரிஸ்டலுக்குள்ள புகுந்து அதோட வடிவத்தை மாத்தும்.

பெருசானா என்ன ஆகும்னா, துகள் 10 மடங்கு பெருசானா 100 மடங்கு வேகமா அடியில இறங்கும், 20-30 மைக்ரானைத் தாண்டினா நாக்குல மணல் மாதிரி நறநறங்கும்.

எதுல கலக்கப் போறோம்ங்கிறதையும் முதல்லயே முடிவு பண்ணிடணும். பால்ல கேசின் புரதம் ஸ்டெராலை அழகா போர்த்தி நிக்கும், அதையே ஆரஞ்சு ஜூஸ்ல ஊத்தினா புளிப்பைக் காட்டுற pH 4.6 கிட்ட இறங்கினதும் கேசின் சார்ஜை இழந்து திரிஞ்சுடும், கூடவே ஸ்டெராலும் போயிடும். ஜூஸுக்கு கருவேலம் பிசின் வகையில வர்ற கம் அரபிக் மாதிரி, புளிப்புக்கு அசராத, துகளைச் சுத்தி முடி மாதிரி நீட்டிக்கிட்டு பக்கத்துத் துகளைத் தள்ளி நிறுத்துற ஆள் வேணும். ஆரஞ்சு ஜூஸ்லயும் இது பலிக்கும்: 2004ல வந்த ஒரு ஆய்வுல 72 பேரை வச்சுப் பார்த்தாங்க, ஸ்டெரால் ஜூஸைக் குடிச்சவங்களுக்கு 8 வாரத்துல எல்டிஎல் சுமார் 12 சதவீதம் குறைஞ்சுது.

இது எல்லாருக்கும் இல்லை. சிட்டோஸ்டெரோலீமியாங்கிற அரிய பரம்பரை நோய் உள்ளவங்களுக்கு ஸ்டெரால் ரத்தத்துலயே தங்கிடும், அவங்க தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இப்படிச் சேர்த்த பொருளைத் தவிர்க்கணும், கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை எடுக்கிறவங்க டாக்டரைக் கேட்டுக்கணும்.

நான் ஒரு பாட்டிலை சோதிக்கிறப்ப முதல்ல குலுக்கவே மாட்டேன். மாசக்கணக்கா நின்னதை மெதுவா சாய்ச்சு, பின்னாடி டார்ச் அடிச்சு கழுத்தையும் அடியையும் பார்ப்பேன். கழுத்துல வெள்ளை வளையம் இருந்தா போர்த்தினது பத்தல. அடியில படிஞ்சு, ஆட்டினதும் புகை மாதிரி எழும்பிக் கலைஞ்சா காப்பாத்திடலாம். கட்டியா அசையாம கிடந்தா மறுபடி உருக்குறதுல இருந்து ஆரம்பிக்கணும்.