அப்பத்தா ஊஞ்சலுக்கு என்ன மோட்டார்?

தேவகோட்டைல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, அப்பத்தாவால இப்ப காலை ஊனி ஊஞ்சல் ஆட்ட முடியல. கியர் மோட்டார் மாட்டுனேன், முகப்பு முழுக்க கடகடன்னு சத்தம், கையால நிறுத்துனா கியர் மல்லுக்கட்டுது. வேற வழி இருக்கா?" இருக்கு தம்பி. லீனியர் மோட்டார், அதாவது சுத்தாம நேரா தள்ளுற மோட்டார்.

தத்துவம் பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். காந்தப்புலத்துக்குக் குறுக்க கம்பி, கம்பில கரண்ட், ரெண்டுக்கும் செங்குத்தா விசை. காரைக்குடில ஏதாவது மைக் செட் கடைல பேப்பர் கிழிஞ்ச ஸ்பீக்கர் ஒன்னு வாங்கி பேட்டரி வயரைத் தொட்டுப் பாருங்க, காயில் டப்புனு வெளிய எம்பும், வயரை மாத்தித் தொட்டா உள்ள இழுத்துக்கும்.

எவ்ளோ தள்ளும்? 0.3 டெஸ்லா புலத்துல 50 மீட்டர் கம்பி, 2 ஆம்பியர்னா 30 நியூட்டன், சுமார் 3 கிலோ எடை. கம்பி 4 ஓம்னா 16 வாட் சூடாப் போகும். விசை டபுள் வேணும்னு 4 ஆம்பியர் விட்டா சூடு 64 வாட், நாலு மடங்கு! சரி, மெல்லிசு கம்பியா நிறைய சுத்தலாமேன்னு தோணும். அதே செம்பைப் பாதி குறுக்குப் பரப்புல 100 மீட்டரா இழுத்தா 16 ஓம், 1 ஆம்பியர்லயே அதே 30 நியூட்டன் வரும், சூடு எவ்ளோ? அதே 16 வாட்! முதல் தடவை கணக்குப் போட்டப்ப நான் நம்பாம மூணு தடவை திருப்பிப் போட்டேன். கம்பி மெல்லிசா மொத்தமாங்கறது எந்த சப்ளைக்குப் பொருந்தும்ங்கறதை மட்டும்தான் மாத்தும். உண்மையா உதவுறது செம்போட அளவும் காந்தத்தோட பலமும்தான், ஆனா செம்பைக் கூட்டுனா காயில் தடிச்சு காந்த இடைவெளி பெருசாகி புலம் குறைஞ்சிரும், அந்த இழுபறிக்கு நடுவுல நல்ல எடத்தைத் தேடுறதுதான் டிசைனே.

இதுக்கு வேண்டிய பலமான காந்தம், நியோடிமியம் காந்தம்னு பேரு, பெரும்பாலும் சீனாலருந்துதான் வருது. சிக்ரிக்காக, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்த ஊர் காரைக்குடி, காந்த ஆராய்ச்சிக்கும் அப்படி மனசு வச்சுக் காசு போடணும்ங்கறது என் ஆசை.

இப்ப ஊஞ்சல். பலகைக்கு அடில வடக்கும் தெற்குமா ரெண்டு காந்தம், தரைல இரும்பே இல்லாத தட்டைக் காயில் ஒன்னு, இரும்பு இருந்தா ஊஞ்சல் நடுவுல பிடிச்சுக்கும். எட்டடிச் சங்கிலில ஒரு அடி ஆடுனா ஓரத்துல பலகை 2 செமீ மேல ஏறிரும், அங்க புலம் காயிலைத் தொடாது. பரவால்ல, வேகம் அதிகமா இருக்கற நடுவுல ஒரு நொடிக்கும் குறைவா தள்ளுனாப் போதும், காந்தம் வர்றதை ஹால் சென்சார், அதாவது காந்தப்புலத்தை உணர்ற சின்ன சில்லு, சொல்லிரும். அப்பத்தாவுக்கு பேஸ்மேக்கர் இருந்தா மட்டும் டாக்டரைக் கேக்காம காந்தம் வைக்காதீங்க.

கையால நிறுத்துனா ஊஞ்சல் பேசாம நிக்கும், மல்லுக்கட்ட அங்க பல்லே கிடையாது.