பகுதிநேரத் துப்புரவுப் பணியாளரை அமர்த்தும்போது: சிறு நிறுவனங்களுக்கான விதிகள்

சிறிய அளவில் துப்புரவுத் தொழில் நடத்துவோருக்கு நாள் முழுவதும் ஆள் தேவைப்படுவது அரிது. அலுவலகங்கள் திறப்பதற்கு முன் இரண்டு மணி நேரம், அவை மூடிய பின் இரண்டு மணி நேரம், இடையில் ஓரிரு வீடுகள் என்றுதான் வேலை அமைகிறது. ஆகவே பகுதிநேரப் பணியாளர்களை நாடுகிறார்கள். ஆனால், சில மணி நேர வேலைதானே, இதற்கு எழுத்துப்பூர்வமான நிபந்தனையும் விடுப்பும் எதற்கு என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. அந்த எண்ணம் தவறானது. பகுதிநேரப் பணியாளர் என்பவர் மணிக்கணக்கில் குறைந்தவரே தவிர, உரிமையில் குறைந்தவர் அல்லர்.

இதைத் தெளிவாக வரையறுத்திருப்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1994-இல் நிறைவேற்றி, 1998-இல் நடைமுறைக்கு வந்த, பகுதிநேர வேலை பற்றிய 175-ஆம் எண் உடன்படிக்கையும், அதனுடன் சேர்ந்த, வழிகாட்டுதலாக மட்டும் அமையும் 182-ஆம் எண் பரிந்துரையும் ஆகும். உடன்படிக்கை நேரடியாகக் கட்டுப்படுத்துவது அதை ஏற்புறுதி செய்த அரசுகளைத்தான். தொழில் நடத்துபவரைக் கட்டுப்படுத்துவது அவரவர் நாட்டுச் சட்டம். எனவே ஊதிய அளவு, விடுப்பு நாட்கள், பதிவு நடைமுறை ஆகியவற்றை உள்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் கேட்டே உறுதி செய்துகொள்ள வேண்டும். நியாயமான பணியமர்த்தலின் அடிப்படை எது என்பதை அறிய இந்த ஆவணங்கள் போதும்.

உடன்படிக்கையின்படி, ஒப்பிடத்தக்க முழுநேரப் பணியாளரைவிடக் குறைந்த வழக்கமான வேலை நேரம் கொண்டவர் பகுதிநேரப் பணியாளர். “என் நிறுவனத்தில் முழுநேரப் பணியாளரே இல்லை, யாரோடு ஒப்பிடுவது?” என்று ஒரு சிறு முதலாளி கேட்கக்கூடும். அதற்கும் விடை இருக்கிறது: அதே பணியிடத்தில் ஒருவர் இல்லையென்றால் அதே நிறுவனத்தில், அங்கும் இல்லையென்றால் அதே தொழில் துறையில், அதே வகையான வேலை செய்பவரோடு ஒப்பிட வேண்டும். அவருக்கு மணிக்கு என்ன அடிப்படை ஊதியமோ, அதற்குக் குறையாமல் இவருக்கும் தர வேண்டும். பகுதிநேரம் என்ற ஒரே காரணத்துக்காக மணி ஊதியத்தைக் குறைக்க இடமில்லை.

ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு, பொது விடுமுறை, நோய்க்கால விடுப்பு, பேறுகாலப் பாதுகாப்பு, பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு ஆகியவற்றிலும் இதே நெறிதான். பணமாகக் கிடைக்கும் பலன்களை வேலை நேரத்துக்கோ ஈட்டும் ஊதியத்துக்கோ ஏற்ற விகிதத்தில் தரலாம். கணக்கு கடினமானதன்று. வாரம் 40 மணி நேரம் வேலை செய்யும் முழுநேரப் பணியாளருக்கு ஆண்டுக்கு 20 நாள் விடுப்பு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 8 மணி என்ற கணக்கில் அது 160 மணி நேரம். வாரம் 16 மணி நேரம் வேலை செய்பவருக்கு அதில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 64 மணி நேரம் சேரும். அவர் நாளுக்கு நான்கு மணி நேரம் வீதம் வருபவரானால் அது 16 வேலை நாட்களுக்கு ஈடாகும். விடுப்பை நாட்களில் எண்ணாமல் மணிகளில் எண்ணினால் இந்தத் தொழிலில் எழும் குழப்பங்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

வேலை நேரம் அல்லது வருமானம் ஒரு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருப்போரைச் சில சமூகப் பாதுகாப்புத் திட்டங்களிலிருந்து விலக்கிவைக்க உடன்படிக்கை நாடுகளுக்கு இடம் தருகிறது. ஆனால் பணியின்போது ஏற்படும் காயத்துக்கான இழப்பீட்டில் இந்த விலக்கு செல்லாது. ஈரத் தரையும் ஏணியும் துப்புரவு வேதிக் கலவையும் அன்றாடம் புழங்கும் தொழிலில் இது முதன்மையானது. இரண்டு மணி நேரம் மட்டும் வருபவரும் வழுக்கி விழலாம். அதற்கான காப்பீடு முதல் நாளிலேயே இருக்க வேண்டும்.

துப்புரவுத் தொழிலில் அதிகம் மறைந்துபோவது பயண நேரம். காலை ஆறு முதல் எட்டு வரை ஓர் அலுவலகம், ஒன்பது முதல் பதினொன்று வரை இன்னொன்று என்றால், இடைப்பட்ட ஒரு மணி நேரம் யாருடையது? வணிக நிறுவனங்களிலும் அலுவலகங்களிலும் வேலை நேரம் பற்றிய 1930-ஆம் ஆண்டின் 30-ஆம் எண் உடன்படிக்கை, பணியாளர் முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டிருக்கும் நேரமே வேலை நேரம் என்கிறது. வாளியையும் துடைப்பானையும் தூக்கிக்கொண்டு முதலாளி குறித்த அடுத்த இடத்துக்குச் செல்லும் நேரத்தைப் பணியாளரின் சொந்த நேரம் என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. இதை உள்நாட்டுச் சட்டம் எப்படிக் கையாண்டாலும், பயண நேரத்துக்கு ஊதியம் உண்டா, எவ்வளவு என்பதைச் சேரும் முன்பே எழுதித் தருவது நல்லது. ஆட்கள் நிலைக்கவில்லை என்று வருந்தும் முதலாளிகள் முதலில் இந்த இடத்தைத்தான் சரிபார்க்க வேண்டும்.

ஆள் தேடும் அறிவிப்பில் எந்தப் பகுதி, எந்த நாட்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மணிக்கு எவ்வளவு என்ற நான்கும் இருந்தால், குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரக்கூடியவரும் மாலையில் மட்டும் வரக்கூடியவரும் தமக்கு அது ஒத்துவருமா என்று தாமே முடிவு செய்துகொள்வார்கள். “பெண்கள் மட்டும்”, “இன்ன மதத்தினர் மட்டும்” போன்ற வரிகள் 1958-ஆம் ஆண்டின் 111-ஆம் எண் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கைக்கு முரணானவை. கர்ப்பப் பரிசோதனைச் சான்று கேட்பதையும் 2000-ஆம் ஆண்டின் 183-ஆம் எண் உடன்படிக்கை, மிகக் குறுகிய விதிவிலக்குகளுடன், தடுக்கிறது. முகவர் மூலம் ஆள் எடுத்தால் முகவர் கட்டணம் முதலாளியின் செலவே. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நியாயமான பணியமர்த்தல் நெறிகளின்படி, வேலை தேடி வருபவரிடம் கட்டணமாகவோ, பயிற்சிச் செலவாகவோ, சீருடைக் காசாகவோ எதையும் வாங்கக் கூடாது.

சிலர், பணியாளரைத் ‘தனி ஒப்பந்தக்காரர்’ என்று எழுதி வாங்கிக்கொண்டால் பொறுப்பு தீர்ந்துவிடும் என்று கருதுகிறார்கள். வேலையை யார் பகிர்ந்தளிக்கிறார்கள், நேரத்தை யார் குறிக்கிறார்கள், கருவிகள் யாருடையவை என்பன போன்ற நடைமுறை உண்மைகளை வைத்தே முதலாளி–பணியாளர் உறவு இருக்கிறதா என்று முடிவு செய்ய வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் 198-ஆம் எண் பரிந்துரை கூறுகிறது. தாளில் என்ன பெயர் இட்டாலும் அது மாறாது.

சேர்ந்த முதல் நாளில் தர வேண்டியவற்றுள் கையுறையும் ஒன்று. பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கான செலவு பணியாளர் மீது விழக் கூடாது என்பது 1981-ஆம் ஆண்டின் 155-ஆம் எண் உடன்படிக்கையின் விதி. அதைவிடவும் கவனிக்க வேண்டியது பெயரில்லா ஸ்ப்ரே பாட்டில். பெரிய கேனிலிருந்து சிறு பாட்டிலுக்கு மாற்றும்போது உள்ளே இருப்பது என்ன, அதன் ஆபத்து என்ன என்பதைப் பாட்டிலின் மேல் குறிக்க வேண்டும் என்று வேதிப்பொருட்கள் பற்றிய 170-ஆம் எண் உடன்படிக்கை முதலாளியைப் பணிக்கிறது. குளோரின் வகை ப்ளீச்சும் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவமும் கலந்தால் குளோரின் வாயு வெளியாகும். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாகும். தனியாக வேலை செய்யும் புதியவருக்கு, அவர் படிக்கக்கூடிய மொழியில், பாட்டிலின் மேலேயே அந்த எச்சரிக்கை இருக்க வேண்டும்.

பொருள் உடைந்தது, சாவி தொலைந்தது என்று ஊதியத்தில் முதலாளி தன் விருப்பப்படி பிடித்தம் செய்ய முடியாது. உள்நாட்டுச் சட்டமோ, கூட்டு ஒப்பந்தமோ, நடுவர் தீர்ப்போ அனுமதிக்கும் வகையிலும் அளவிலும் மட்டுமே பிடிக்கலாம் என்பது ஊதியப் பாதுகாப்பு பற்றிய 95-ஆம் எண் உடன்படிக்கையின் நிலை. ஒப்புக்கொண்ட நேர அட்டவணையை மாற்றுவதற்கும், கூடுதல் நேரம் வேலை வாங்குவதற்கும் கட்டுப்பாடும் முன்னறிவிப்பும் வேண்டும் என்று 182-ஆம் எண் பரிந்துரை சொல்கிறது. வாடிக்கையாளர் இரவில் அழைத்து நேரத்தை மாற்றினார் என்பதற்காக, விடியற்காலையில் வேறொரு வேலைக்கும் செல்பவரின் நாளையே கலைத்துவிடுவது சரியன்று.

தொழில் வளர்ந்து முழுநேர இடம் உருவாகும்போது, அதை ஏற்கெனவே இருக்கும் பகுதிநேரப் பணியாளர்களுக்கு உரிய நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பரிந்துரை கூறுகிறது. முழுநேரத்துக்கு மாற ஒருவர் மறுத்தால், அந்த மறுப்பையே காரணமாக்கி வேலையிலிருந்து நீக்கக் கூடாது.