ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு

வரைபடத்தில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தின் மேல் பென்சிலை வைத்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். முதலில் சென்னை. பிறகு கடல். அதைத் தாண்டியதும் இலங்கையின் வடமுனையான பருத்தித்துறை. அங்கிருந்து தீவை நெடுக்காக வகிர்ந்துகொண்டு போகும் கோடு, தென்கோடியில் காலி நகரத்தருகே மீண்டும் கடலில் இறங்கும்.

துருவங்களுக்கு மேலாகச் சுற்றிவந்து பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களைச் சுமந்து செல்லும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் தெற்கு நோக்கித்தான் போயாக வேண்டும். ஆனால் இந்தக் கோட்டின் வழியே அது ஒருபோதும் போவதில்லை. வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தால் சுமார் 140 டிகிரி, அதாவது தென்கிழக்காகக் கடல்மேல் கிளம்புகிறது. இலங்கையைக் கிழக்கே ஒதுங்கிக் கடக்கும் வழியில், பறக்கும்போதே வலப்புறம் திரும்பித் தெற்குப் பாதையைப் பிடிக்கிறது. ராக்கெட் துறையில் இந்தத் திருப்பத்துக்கு 'டாக்லெக்' என்று பெயர். நாயின் பின்னங்கால் வளைவை நினைத்துக்கொண்டால் பெயர்க் காரணம் புரிந்துவிடும்.

நேராகவே போனால் என்ன? பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டம், அதாவது அடியில் இருக்கும் பகுதி, எரிந்து முடிந்ததும் கழன்று விழும். அந்த வெற்று எஃகுக் கூடு மட்டுமே சுமார் 30 டன். அடுத்தடுத்த கட்டங்களும் அப்படியே விழுந்துகொண்டு போகும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளின் கதை இது. கோளாறு ஏற்பட்டால் எரிபொருளோடு சேர்ந்து மொத்தமும் விழும். ஆகவே பாதை வகுப்பவர்கள் வானத்தைப் பார்க்கும் முன் தரையைப் பார்க்கிறார்கள்.

திரும்புவதற்கு விலை உண்டு. சாலையில் கார் திரும்பும்போது டயருக்கும் தார்ச்சாலைக்கும் உள்ள பிடிமானம் திருப்பத்தைச் செய்து தருகிறது. வெற்றிடத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பழைய திசையில் உள்ள வேகத்தைக் குறைத்து, புதிய திசையில் வேகத்தைக் கூட்ட வேண்டும். இரண்டுக்கும் எரிபொருள்தான் செலவு. நொடிக்கு 7.8 கிலோமீட்டர் என்ற சுற்றுப்பாதை வேகத்தில் பத்தே டிகிரி திரும்ப, நொடிக்கு ஏறக்குறைய 1,360 மீட்டர் அளவுக்கு வேக மாற்றம் தேவை. அத்தனையும் செலவழித்த பிறகு முன்னேறும் வேகம் ஒரு மீட்டர்கூடக் கூடியிருக்காது. அதே பத்து டிகிரியை நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும்போதே திரும்பினால் 350 மீட்டரோடு போய்விடும். திரும்புவதானால் வேகம் பிடிக்கும் முன்பே திரும்பிவிட வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொரு இழப்பும் உண்டு. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், கிழக்கே ஏவப்படும் ராக்கெட்டுக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகம் இனாமாகக் கிடைக்கிறது. தெற்கே போகிறவருக்கு அது கிடையாது. ஒவ்வோர் ஊரையும் எப்போது கடந்தாலும் ஒரே வெயில் நேரத்தில் கடக்கும் சூரிய ஒத்திசைவுப் பாதையோ நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 98 டிகிரி சாய்ந்தது. பூமியின் சுழற்சிக்குச் சற்றே எதிர்த்திசை. 2025 ஜூலை 30 அன்று நைசார் செயற்கைக்கோளை ஜி.எஸ்.எல்.வி. கொண்டு சேர்த்தது இப்படிப்பட்ட பாதையில்தான். வழக்கமாகக் கிழக்கே போகும் அந்த ராக்கெட்டுக்கு இது முதல் முறை.

அண்டை வீட்டார் தொல்லை நமக்கு மட்டும் அல்ல. இஸ்ரேலுக்குக் கிழக்கே முழுக்கப் பிற நாடுகள். அதனால் தன் உளவுச் செயற்கைக்கோள்களை மத்தியதரைக் கடலின் மேல் மேற்கு நோக்கி ஏவுகிறது. பூமி தரும் இனாமை இழப்பதோடு, அதற்கு எதிராக நீச்சலும் அடிக்க வேண்டியிருக்கிறது. 1988 முதல் அப்படித்தான் செய்துவருகிறார்கள். சீனாவின் பழைய ஏவுதளங்கள் கடலோரத்தில் இல்லை; உள்நாட்டில் இருக்கின்றன. 2024 ஜூனில் எஸ்.வி.ஓ.எம். செயற்கைக்கோளை ஏவியபோது, முதல் கட்டம் ஆரஞ்சு நிறப் புகையைக் கக்கியபடி குயிசோ மாகாணத்தில் மக்கள் வசிக்கும் பகுதிக்கு அருகே விழுந்தது. அந்தப் புகை நச்சு. சீனா ஹைனான் தீவில் கடலோர ஏவுதளம் கட்டியதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

அமெரிக்காவின் புளோரிடாவுக்குத் தெற்கே கியூபா. 1960 நவம்பரில் வழிதவறிய ஒரு ராக்கெட்டின் துண்டுகள் அங்கே விழுந்து ஒரு பசு இறந்ததாகச் செய்தி வந்தது. காலப்போக்கில் துருவப் பாதை ஏவுதல்கள் கலிபோர்னியாவிலிருந்து மட்டுமே நடந்தன. 2020 ஆகஸ்டில் அர்ஜென்டினாவின் சாவ்காம்-1பி செயற்கைக்கோளுக்காகத் தெற்கு வழி மீண்டும் திறக்கப்பட்டது. பாதை பிசகினால் ராக்கெட்டை அழித்துவிடும் கணினி இப்போது ராக்கெட்டிலேயே இருக்கிறது என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். 2025-இல் ஃபிராம்-2 பயணத்தில் நான்கு பேர் புளோரிடாவிலிருந்தே கிளம்பி, துருவங்களுக்கு மேல் பூமியைச் சுற்றிய முதல் மனிதர்கள் ஆனார்கள்.

திசை என்பது கடைசியில் ஓர் எண்தான். அதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2018 ஜனவரியில் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய ஏரியன்-5. அன்றைய பணிக்குத் தேவைப்பட்ட திசை எண் 70. வழிகாட்டும் கருவிகளில் இருந்ததோ வழக்கமான 90. ராக்கெட் எந்தக் குறையும் இல்லாமல், மிகத் துல்லியமாக, தவறான பக்கம் பறந்தது. செயற்கைக்கோள்கள் தம் சொந்த எரிபொருளைச் செலவழித்துத்தான் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இனி குலசேகரப்பட்டினம். தசராவுக்கு வேடம் கட்டிக்கொண்டு முத்தாரம்மன் கோயிலில் கூட்டம் கூடும் அதே ஊர். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து நேர் தெற்கே கோடு இழுத்தால் அண்டார்டிகா வரை வெறும் கடல். இலங்கை இடப்புறம் ஒதுங்கிவிடுகிறது.

ஆனால் இது எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ராக்கெட்டுக்கான இடம். கிளம்பும்போது அதன் எடை 120 டன். சுமக்கக்கூடியது அதிகபட்சம் 500 கிலோ. கடைசிக் கட்டத்தின் கூட்டையும் கருவிகளையும் குறைக்க முடியாது என்பதால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினால் திருப்பத்துக்கான செலவு முழுவதும் அந்த 500 கிலோவிலிருந்துதான் கழியும். பெரிய ராக்கெட்டுக்கு இது கைச்செலவு, சிறியதற்கோ முதலே கரைகிற கணக்கு. பி.எஸ்.எல்.வி. தொடர்ந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வளைந்துதான் போகும்.

வளைந்து போனாலும் குப்பை எங்காவது கரை சேரத்தான் செய்கிறது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரை ஒன்றில் சிப்பிகள் ஒட்டிய, ஆளைவிட உயரமான உருளை ஒன்று ஒதுங்கியது. எதுவென்று தெரியாமல் போலீஸார் காவலுக்கு நின்றார்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஆஸ்திரேலிய விண்வெளி முகமை அடையாளம் சொன்னது: பெரும்பாலும் அது பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டம்.